பழைய ஹார்டு டிஸ்க்கை நம்பலாமா: வரிசை மாறாமல் சோதிக்கும் முறை

பயன்படுத்திய ஹார்டு டிஸ்க் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். புதிதாகச் சோதிக்க வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். டிஸ்க்கின் பழைய கோளாறுகளைக் காட்டும் தடயங்களில் சில, அதன் மேல் எழுதிய உடனே மறைந்துவிடும். ஆகவே, என்ன சோதனை செய்கிறோம் என்பதைப் போலவே எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் முக்கியம். முதலில் குறித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் படிக்க வேண்டும், அதன் பிறகே எழுத வேண்டும். எழுதி முடித்ததும் மறுபடி படித்து, முன்பு குறித்ததோடு ஒப்பிட வேண்டும். கீழே இருப்பவை எல்லாம் இதன் விரிவுதான்.

இந்த வழிகாட்டி சுழலும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க்குகளுக்கு மட்டும். எஸ்எஸ்டிக்குச் சோதனை முறையே வேறு.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

முதலில் தேவைப்படுவது நேரம். 4 டிபி டிஸ்க் ஒன்று சராசரியாக நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஒருமுறை படிக்க ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். நான் சொல்லப்போகும் எழுத்துச் சோதனை டிஸ்க்கை எட்டு முறை முழுதாகக் கடக்கிறது. அதற்கு மட்டும் 60 மணி நேரம். முன்னும் பின்னும் ஒரு நீண்ட சோதனை சேர்ந்தால் மூன்று நாளைத் தாண்டிவிடும். விற்றவர் திரும்பப் பெற ஒப்புக்கொண்ட கெடு எத்தனை நாள் என்று பார்த்து, வந்த அன்றே தொடங்குங்கள். பலர் ஒரு வாரம் மேசையில் போட்டு வைத்துவிட்டு, கெடு முடிந்தபின் கோளாற்றைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்தது, சாட்டா போர்ட் (டிஸ்க்கை நேரடியாக மாட்டும் இணைப்பு) உள்ள ஒரு மேசைக்கணினி. யூஎஸ்பி பெட்டியில் வைத்தும் சோதிக்கலாம், ஆனால் தொல்லை அதிகம். சில பெட்டிகள் டிஸ்க்கின் உள்விவரங்களைக் கணினிக்குக் கடத்தாது. சில பெட்டிகள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே டிஸ்க்கைத் தூங்க வைத்துவிடும், நீண்ட சோதனை பாதியில் அறுந்துபோகும். முடிந்தால் நேரடியாக மாட்டுங்கள்.

நல்ல சாட்டா கேபிள் ஒன்றும், காற்று வீசும் சிறிய மின்விசிறி ஒன்றும் வேண்டும். நாள்கணக்கில் ஓடும் டிஸ்க்கை மேசைமேல் காற்றில்லாமல் கிடத்தினால் வெப்பநிலை 55, 60 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டில் வரும் பிழைக்கு டிஸ்க் காரணமா, நீங்கள் காரணமா என்று பிரிக்க முடியாமல் போகும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றிலிருந்து கணினியைத் துவக்குவதையே நான் விரும்புகிறேன். டிஸ்க்கின் உள்விவரங்களைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பும், எழுதிப் படித்துச் சோதிக்கும் பேட்பிளாக்ஸ் நிரலும் இருந்தால் போதும், இரண்டும் இலவசம். விண்டோஸ்தான் பழக்கம் என்றால் விவரம் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, மேற்பரப்பைச் சோதிக்க விக்டோரியா அல்லது ஹார்ட் டிஸ்க் சென்டினல் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. சோதிக்கும் கணினியில் உங்கள் சொந்தத் தரவு உள்ள டிஸ்க்குகள் இருந்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஏன் என்பது 7ஆம் படியில் வரும்.

2. கண்ணாலும் காதாலும் ஒரு பார்வை

குளிரிலோ மழையிலோ பயணப்பட்டு வந்த டிஸ்க் என்றால், உறையைப் பிரித்து அறை வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் வைத்திருங்கள். ஈரம் படிந்த மின்பலகைக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது.

மூடியில் பள்ளம், திருகுகளில் பிரித்த தழும்பு, பின்பக்க மின்பலகையில் கருகிய புள்ளி, வளைந்த இணைப்பு ஊசிகள் ஆகியவற்றைப் பாருங்கள். லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதியையும் வரிசை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். இரண்டும் பிறகு பயன்படும்.

மின்சாரம் கொடுத்ததும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். தட்டு சீராக வேகம் பிடித்து, தலைகள் (தட்டில் படித்து எழுதும் முனைகள்) ஓரிரு முறை நகரும் சத்தத்தோடு அடங்க வேண்டும். ஒரே தாளத்தில் டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தால், சுழன்று நின்று மறுபடி சுழன்றால், உரசும் சத்தம் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை.

டிஸ்க் சுழலவே இல்லையென்றால் உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சர்வர்களிலிருந்து வரும் புதிய தலைமுறை டிஸ்க்குகள் சிலவற்றில், சாட்டா மின்இணைப்பின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். தொலைவிலிருந்து அணைத்துப் போடுவதற்கான வசதி அது. பழைய பவர் சப்ளைகள் அந்த ஊசிக்கு எப்போதும் 3.3 வோல்ட் தருகின்றன. 3.3 வோல்ட் கம்பி இல்லாத மோலெக்ஸ் மாற்றியை இடையில் போட்டதும் நல்ல டிஸ்க்காக எழுந்து நிற்கும். இது தெரியாமல் நல்ல டிஸ்க்குகளைத் திருப்பி அனுப்பியவர்கள் பலர்.

ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்கை நகர்த்தாதீர்கள், திருப்பாதீர்கள். அணைத்த பிறகும் தட்டு முழுதாக நிற்க அரை நிமிடம் விடுங்கள்.

3. எதையும் எழுதும் முன் முதல் பதிவு

விண்டோஸில் புது டிஸ்க் தெரிந்ததும் இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். இரண்டையும் ரத்து செய்யுங்கள்.

இப்போது டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்கள் முழுவதையும் எடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பேடு. லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஹைஃபன் எக்ஸ் தேர்வோடு கொடுத்தால் எல்லாப் பட்டியலும் பிழைப் பதிவுகளும் சேர்ந்து வரும். கோப்பின் பெயரில் வரிசை எண்ணையும் ‘முன்’ என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள்.

திரையில் பார்த்தாலே போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. மூன்று நாள் கழித்து பட்டியலின் 5ஆம் எண்ணில் (அது என்ன என்பது அடுத்த படியில் வரும்) 8 இருக்கிறது என்றால், அது முதலிலேயே 8 ஆக இருந்ததா, 0 ஆக இருந்ததா என்பதில்தான் தீர்ப்பே இருக்கிறது. நினைவை நம்ப முடியாது.

4. அந்த எண்கள் என்ன சொல்கின்றன

மேலே ‘பாஸ்டு’ என்றோ ‘குட்’ என்றோ ஒரு வரி இருக்கும். அதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். தயாரிப்பாளர் வைத்த எல்லைக்கோட்டை ஏதாவது ஓர் எண் தாண்டினால்தான் ‘ஃபெயில்’ வரும். அந்தக் கோடு மிகவும் தாராளமானது. நூற்றுக்கணக்கான செக்டர்கள் (தரவு பதியும் சிறு துண்டு இடங்கள்) கெட்ட பிறகும் ‘பாஸ்டு’ என்றே காட்டும் டிஸ்க்குகள் உண்டு. விற்பவர் இந்த ஒரு வரியைப் படம் எடுத்து அனுப்பினால், முழுப் பட்டியலையும் கேளுங்கள்.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பல எண்கள் இருக்கும். நமக்கு வேண்டியது கடைசியில் வரும் மூல எண். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அதைப் பதினாறடிமானத்தில் காட்டும். ‘10’ என்று இருந்தால் அது பதினாறு. அமைப்புகளில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டு படியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை 5, 197, 198 ஆகிய மூன்று.

5 என்பது கெட்டுப்போனதால் டிஸ்க் கைவிட்டு, தன் கையிருப்பு இடத்துக்கு மாற்றிக்கொண்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197 என்பது சந்தேகப் பட்டியல்: படிக்க முயன்று முடியாமல் போன, இன்னும் முடிவெடுக்கப்படாத செக்டர்கள். 198, டிஸ்க் தானாகச் சோதித்தபோது படிக்க முடியாமல் போனவை. மூன்றும் 0 ஆக இருக்க வேண்டும்.

ஃபார்மட் செய்யாதீர்கள் என்று முதல் வரியிலேயே சொன்னதன் காரணம் 197இல் இருக்கிறது. சந்தேகத்தில் உள்ள செக்டர் மேல் புதிதாக எழுதினால், டிஸ்க் அந்த இடத்தை மறுபடி சோதிக்கும். எழுத்து ஒட்டிக்கொண்டால் பட்டியலிலிருந்து நீக்கிவிடும், ஒட்டாவிட்டால் இடம் மாற்றி 5இல் கூட்டும். எப்படியானாலும் 197 மறுபடி 0 ஆகிவிடும். அந்தச் செக்டர்கள் முன்பு தடுமாறின என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

அடுத்து 187, 188. முதலாவது, திருத்த முடியாமல் கணினிக்கே சொல்லப்பட்ட பிழைகள். இரண்டாவது, காலக்கெடுவுக்குள் முடியாத கட்டளைகள். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் டிஸ்க் சாகப்போகிறதா என்று கணிக்கப் பார்ப்பதும் இந்த ஐந்தைத்தான்: 5, 187, 188, 197, 198. இங்கே ஒரு பொறி உண்டு. சீகேட் டிஸ்க்கில் 188க்கு எதிரே 4295032833 போன்ற எண்ணைக் கண்டு பயந்துவிடுவார்கள். மூன்று சிறு எண்ணிகளை ஒட்டி ஒரே எண்ணாகக் காட்டுவதால் வரும் தோற்றம் அது. பிரித்தால் 1, 1, 1.

இதே போல சீகேட்டில் 1 (படிப்புப் பிழை), 7 (தேடல் பிழை) ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் இருப்பது இயல்பு. 7ஆவதில் கீழ்ப்பாதி மொத்தத் தேடல்களின் எண்ணிக்கை, மேல்பகுதிதான் பிழை. எண் 4294967296ஐவிடக் குறைவாக இருந்தால் பிழையே இல்லை என்று பொருள். இதைப் பார்த்து நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள்.

199 வேறு வகை. கணினிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தரவு சிதைந்த தடவைகள். பெரும்பாலும் கேபிள் கோளாறு. இந்த எண் ஒருபோதும் குறையாது, ஆகவே பழைய உரிமையாளரின் மோசமான கேபிள் விட்டுப்போன தழும்பாக இருக்கலாம். உங்கள் சோதனையின்போது ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறினால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

10, தட்டைச் சுழற்றத் திரும்பத் திரும்ப முயன்ற எண்ணிக்கை. இது 0 இல்லாவிட்டால் நான் அந்த டிஸ்க்கை வாங்க மாட்டேன். மோட்டாரோ பேரிங்கோ தளர்கிறது என்பதற்கான அறிகுறி அது.

மிச்சம் வயது. 9 ஓடிய மணி நேரம், ஓர் ஆண்டுக்கு 8760. 12 எத்தனை முறை மின்சாரம் கொடுக்கப்பட்டது. 193 தலைகள் எத்தனை முறை ஒதுங்கி நின்றன. பல டிஸ்க்குகள் 3 லட்சம் அல்லது 6 லட்சம் முறை ஒதுங்குவதற்கு வடிவமைக்கப்பட்டவை. என் பார்வையில் மணி நேரம் மட்டும் பெரிய குற்றம் அல்ல. சர்வரில் 40,000 மணி நேரம் நிற்காமல் சீரான குளிரில் ஓடிய டிஸ்க்கை, பையில் குலுங்கிக் குலுங்கி 5,000 மணி நேரம் ஓடிய டிஸ்க்கைவிட நான் அதிகம் நம்புவேன்.

சர்வர்களில் வரும் சாஸ் வகை டிஸ்க் என்றால் இந்த எண்கள் இருக்காது. அங்கே ‘குரோன் டிஃபெக்ட் லிஸ்ட்’ என்ற வரியைப் பாருங்கள், 5க்கு இணையானது அதுதான்.

5. எண்களைத் திருத்தியிருக்கிறார்களா

ஸ்மார்ட் கணக்கைச் சுழியமாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில், பல ஆண்டு ஓடிய சீகேட் டிஸ்க்குகள் கணக்கு அழிக்கப்பட்டு புதியவை என்று விற்கப்பட்டது பெரிய செய்தியானது. அதைக் கண்டுபிடிக்க உதவியது ஃபார்ம் என்ற தனிப் பதிவு. சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட்டுக்கு வெளியே தனியாக வைத்திருக்கும் குறிப்பு அது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4ஆம் பதிப்பு முதல் அதைப் படிக்கலாம். ஸ்மார்ட்டில் 12 மணி நேரமும் ஃபார்மில் 25,000 மணி நேரமும் இருந்தால் கதை முடிந்தது.

மற்ற தயாரிப்பாளர்களின் டிஸ்க்குகளில் முரண்பாடுகளைத் தேட வேண்டும். பழைய சுயசோதனைப் பதிவில் ‘18,000 மணியில் முடிந்தது’ என்று இருக்க, 9ஆவது வரி 300 மணி என்று சொல்லலாம். லேபிள் தேதி ஆறு ஆண்டு பழையதாக இருக்க, ஓடியது 3 மணி என்று இருக்கலாம். மென்பொருள் காட்டும் வரிசை எண் லேபிளோடு பொருந்தாமல் போகலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் விளக்கம் கேளுங்கள். ஒரு விதிவிலக்கு: சுயசோதனைப் பதிவின் மணிக் கணக்கு 65,535ஐத் தாண்டினால் மறுபடி 0இல் தொடங்கும். மிகப் பழைய டிஸ்க்கில் அந்த வேறுபாடு மோசடி ஆகாது.

6. படிப்பு மட்டும்: குறுஞ்சோதனை, நெடுஞ்சோதனை

டிஸ்க்குக்குள்ளேயே இரண்டு சுயசோதனைகள் உண்டு. குறுகியது இரண்டு நிமிடத்தில் மோட்டார், தலை, மின்பலகை ஆகியவற்றை மேலோட்டமாகப் பார்க்கும். அதில் தோற்றால் மூன்று நாளை வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே அதை முதலில் ஓட்டுகிறோம்.

நீண்டது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படிக்கும். தரவு எதுவும் அழியாது. எழுதும் முன் இதை ஓட்ட ஒரு காரணம் உண்டு: பழைய உரிமையாளர் கடைசியாக எழுதி, பல மாதம் கிடந்த தரவை டிஸ்க்கால் இன்னும் படிக்க முடிகிறதா என்று இப்போது மட்டுமே பார்க்க முடியும்.

கணினி தூங்காமல் இருக்க அமைத்துவிட்டுத் தொடங்குங்கள். ‘ரீட் ஃபெயிலியர்’ என்று செக்டர் எண்ணோடு வந்தால் தோல்வி, திருப்பிக் கொடுக்கலாம். ‘அபார்ட்டட்’ அல்லது ‘இன்டரப்டட்’ என்று வந்தால் யாரோ குறுக்கிட்டிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பெரும்பாலும் யூஎஸ்பி பெட்டியின் தூக்கம். மறுபடி ஓட்டுங்கள்.

7. எழுதிப் படிக்கும் சோதனை

இது டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும். பழைய உரிமையாளரின் கோப்புகள் கண்ணில் பட்டாலும் திறந்து பார்க்காதீர்கள். அவர்களுக்குத் தெரியாமல் விட்டுப்போனவை அவை. இந்தச் சோதனை முடிந்ததும் அவையும் போய்விடும், அது அவர்களுக்கும் நல்லது.

கட்டளை கொடுக்கும் முன் டிஸ்க்கின் பெயரை வரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று வரும் பெயர்கள் நிலையானவை அல்ல, கணினியை மறுபடி துவக்கினால் மாறலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் முந்தைய நாள் எழுதி வைத்த பெயரை அப்படியே கொடுத்து, தன் பத்தாண்டுப் படங்களை இழந்தார். சொந்த டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றச் சொன்னது இதற்காகத்தான்.

பேட்பிளாக்ஸ் நிரலை எழுதும் முறையில் ஓட்டினால், நான்கு வெவ்வேறு பிட் கோலங்களை (0, 1 வரிசைகளை) ஒவ்வொன்றாக முழு டிஸ்க்கிலும் எழுதி, எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும். அதனால்தான் எட்டுக் கடப்புகள். பெரிய டிஸ்க்குகளில் பலர் தடுக்கி விழுவது தொகுதி அளவில் (ஒரு தடவை எண்ணும் துண்டின் அளவு): இயல்பான 1024 பைட்டில் 4 டிபிக்குக் கொஞ்சம் மேல் வரைதான் எண்ண முடியும். 4096 கொடுங்கள். 18 டிபியும் அதற்கு மேலும் என்றால் 8192. முனையச் சாளரத்தை மூடினாலும் ஓட்டம் நிற்காதபடி டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் தொடங்குங்கள்.

நேரம் உண்மையிலேயே இல்லையென்றால் ஒரே கோலத்தில் ஒருமுறை எழுதி ஒருமுறை படியுங்கள். அதுவே பெரும்பாலான நோயாளிகளைப் பிடித்துவிடும். ஆனால் விரைவு ஃபார்மட்டைச் சோதனையாகக் கருத வேண்டாம். அது அட்டவணையை மட்டும் எழுதிவிட்டு மற்ற இடங்களைத் தொடுவதே இல்லை.

ஓடும்போது மூன்றைக் கவனியுங்கள். வெப்பநிலை 45 டிகிரிக்குள் இருப்பது நல்லது, 50ஐத் தாண்டினால் விசிறியை நெருக்கி வையுங்கள். வேகம் தொடக்கத்தில் இருந்ததைவிடக் கடைசியில் பாதியளவு குறையும். தட்டின் வெளிவட்டம் பெரியது, உள்வட்டம் சிறியது என்பதால் அது இயல்பு. ஆனால் ஒரே இடத்தில் சட்டென்று வேகம் படுத்து, சில நொடி திணறி, மறுபடி எழுந்தால் அந்த இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சத்தம்.

யூஎஸ்பி பெட்டியோடு மலிவாக வந்த, கொள்ளளவு சந்தேகமான டிஸ்க் என்றால் ஒன்று கூடுதலாகச் செய்ய வேண்டும். போலிக் கொள்ளளவு காட்டும் பெட்டிகள் கடைசிக்கு வந்ததும் முதல் இடத்தின் மேலேயே எழுதத் தொடங்கும். பேட்பிளாக்ஸ் எல்லா இடத்திலும் ஒரே கோலத்தை எழுதுவதால் அதன் கண்ணுக்கு இந்த மோசடி தெரியாது. எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு தரவை எழுதுவதால் பிடித்துவிடும்.

8. மறுபடி பதிவு, ஒப்பீடு

எழுத்துச் சோதனை முடிந்ததும் நெடுஞ்சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்புறம் ஸ்மார்ட் விவரத்தை ‘பின்’ என்ற பெயரில் சேமித்து, ‘முன்’ கோப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேட்பிளாக்ஸ் ஒரு பிழையும் காட்டவில்லை, ஐந்து முக்கிய எண்களும் 0 ஆகவே இருக்கின்றன என்றால் டிஸ்க் தேறியது.

5இல் முதலிலேயே சில இருந்தன, மூன்று நாள் அடித்துத் துவைத்தபின்னும் ஒன்றுகூட ஏறவில்லை என்றால், இன்னொரு பிரதி வேறெங்காவது உள்ள தரவுக்கு மட்டும் அதை நான் பயன்படுத்துவேன். விலையைக் குறைத்துக் கேட்கவும் அது நியாயமான காரணம்.

197இல் ஒன்றிரண்டு இருந்து, எழுதியபின் 0 ஆகி, 5 ஏறவில்லை என்றால் யோசிக்க இடமுண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இப்படி ஆகும், தட்டு நலமாகவே இருக்கலாம். இன்னொரு முழு எழுத்துச் சோதனை ஓட்டி, அதிலும் அசையாவிட்டால் மேலே சொன்ன இரண்டாம் வகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு நடுவில் 5 ஏறினால், அது 2 ஆக இருந்தாலும், வேண்டாம். ‘பெரிய டிஸ்க்கில் இரண்டு செக்டர்தானே’ என்று பலர் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். கெடும் செக்டர் பெரும்பாலும் தனியாகக் கெடுவதில்லை. தலையில் படிந்த தூசோ தட்டில் விழுந்த கீறலோ நகர்ந்துகொண்டே இருக்கும். திருப்பி அனுப்பும்போது இரண்டு கோப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

9. பணியில் சேர்த்த பின் முதல் சில வாரங்கள்

தேறிய டிஸ்க்கையும் ஒரு மாதம் கண்காணிப்பில் வைக்கிறேன். ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ஸ்மார்ட்டி பின்னணி நிரலை இயக்கி, வாரம் ஒரு குறுஞ்சோதனையும் மாதம் ஒரு நெடுஞ்சோதனையும் தானாக ஓடும்படி அமைக்கலாம். 5, 197 அசைந்தால் மின்னஞ்சல் அனுப்பும்படியும் அமைக்கலாம். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைக் கணினியோடு சேர்ந்து துவங்கும்படி வைத்தால் போதும்.

அந்த மாதம் முடியும்வரை, இதில் போட்ட எதன் மூலப் பிரதியையும் பழைய இடத்திலிருந்து அழிக்காதீர்கள். ‘முன்’, ‘பின்’ கோப்புகளையும் டிஸ்க் இருக்கும்வரை வைத்திருங்கள், ஆனால் அந்த டிஸ்க்கிலேயே வைக்க வேண்டாம்.